லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி

சென்னையில் பழைய கார் வாங்க அழைப்பவர்கள் மூன்று கேள்விகளைத் தாண்டுவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எந்த வருடத்து வண்டி, எத்தனையாவது ஓனர், எவ்வளவு ஓடியிருக்கிறது. முதல் இரண்டுக்கும் என்னிடம் நல்ல பதில் இருந்தது: 2015ஆம் வருடத்து ஆல்ட்டோ கே10, முதல் ஓனர் நானே. மூன்றாவது கேள்விக்கு ஒரு லட்சத்து நான்காயிரம் என்று சொன்னதும் மறுமுனையில் பேச்சு நின்றுவிடும். பிறகு, வீட்டில் கலந்துகொண்டு சொல்வதாகச் சொல்லி வைத்துவிடுவார்கள். அப்படிக் கலந்துகொள்ளப் போனவர்கள் ஒருவரும் திரும்ப அழைத்ததில்லை. வண்டி கைமாறிப் பல மாதங்கள் ஆகிவிட்ட பிறகும் அந்த மூன்றாவது கேள்வி எனக்குள் ஓயவில்லை. அதைவிட, அந்தக் கேள்வியை ஒட்டி ஒரு புரோக்கர் என்னிடம் சொன்ன ஒரு வாக்கியம் ஓயவில்லை.

நங்கநல்லூரிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போய்வர ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். கத்திப்பாரா, அசோக் நகர், வடபழனி, கோயம்பேடு, திருமங்கலம், பாடி என்று உள்வட்டச் சாலையிலேயே போய் உள்வட்டச் சாலையிலேயே திரும்பும் வாழ்க்கை. வேலை நாட்களை மட்டும் கணக்கிட்டாலே வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகிவிடும். பத்து வருடத்தில் லட்சம் ஆவதற்குப் பெரிய பயணம் எதுவும் தேவையில்லை. வேலையை விடாமல் இருந்தாலே போதும். வண்டியை விற்க நேர்ந்தது அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு. ஆல்ட்டோவின் இருக்கை தாழ்வானது. அதில் உட்காருவதைவிட அதிலிருந்து எழுந்து வருவதுதான் அவருக்குப் பெரிய பாடு. உயரமான இருக்கை உள்ள வண்டி ஒன்றை வாங்கினோம், இரண்டை நிறுத்த வீட்டில் இடமில்லை. விற்பதற்கான காரணம் இவ்வளவுதான். ஆனால் ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டவர்கள் யாரும் இந்தப் பதிலை நம்பியதாகத் தெரியவில்லை. பழைய கார் விற்பவர் சொல்லும் காரணம் எதுவானாலும் அதற்குப் பின்னால் ஒரு கியர் பாக்ஸ் பிரச்சினை ஒளிந்திருக்கிறது என்பது இந்த ஊரின் உறுதியான நம்பிக்கை.

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்பவள். தொழில் புத்தி வீட்டுக்குள்ளும் வரும். வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒரு நீண்ட நோட்டில், டேங்க் நிரப்பிய தேதி, மீட்டர் எண், போட்ட லிட்டர், கொடுத்த பணம் ஆகியவற்றை எழுதிவந்தேன். ஒருமுறை வாய்வரை நிரப்பிவிட்டு, அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய தூரத்தை, உள்ளே போன லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் தெரிந்துவிடும். நிறுவனம் அறிவித்த அளவு லிட்டருக்கு 24.07 கிலோமீட்டர். அது சோதனைக் கூடத்தில் எடுத்த அளவு. வடபழனி சிக்னலுக்கு அது பொருந்தாது. எனக்கு நகரத்துக்குள் பதினேழை ஒட்டியும், திண்டிவனம் தாண்டிப் போகிற நாட்களில் இருபத்திரண்டை ஒட்டியும் கிடைத்தது. பம்புகளில் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு நகர மைலேஜ் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் குறைந்ததும் நோட்டில் இருக்கிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் அது எதிர்பார்க்கக்கூடியதுதான். சர்வீஸ் பில்கள் அதே நோட்டின் பின்பக்கத்தில் தேதிவாரியாக ஒட்டப்பட்டிருந்தன. வண்டியை விற்கும் நாளில் இந்த நோட்டுதான் எனக்காகப் பேசும் என்று நான் எண்ணியிருந்ததில் வியப்பில்லை.

முதலில் நேரில் வந்து பார்த்தவர் நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார். பிறகு, "இவ்ளோ எழுதி வெச்சிருக்கீங்கன்னா வண்டில ஏதோ தொந்தரவு இருந்திருக்கணுமே மேடம்?" என்றார்.

லட்சம் என்கிற எண்

ஒரு லட்சத்தைக் கண்டு மக்கள் ஏன் அஞ்சுகிறார்கள் என்று யோசித்தால், ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது என்றுதான் தோன்றுகிறது. பழைய தலைமுறை வண்டிகளில் அந்தத் தூரத்துக்கு வரும்போது எஞ்சின் பிரிக்கும் வேலை வந்து நின்றிருக்கும். இன்றைய சிறிய பெட்ரோல் எஞ்சின்கள் அப்படிப்பட்டவை அல்ல. இந்த வண்டியில் இருக்கும் 998 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினில், குறித்த தூரத்தில் மாற்றியே தீரவேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் அது லட்சத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆனாலும் எண்ணின் மேலுள்ள பயம் எஞ்சினோடு சேர்ந்து மாறவில்லை.

அதைவிட வேடிக்கை, குறைவாக ஓடிய வண்டியின்மேல் இருக்கும் மோகம். பத்து வருடத்தில் முப்பதாயிரம் ஓடியது என்றால் கண் விரிகிறது. அந்த வண்டி எப்படி ஓடியிருக்கும் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. காலையில் பள்ளிக்கூடம், மாலையில் காய்கறிக் கடை, இடையில் நாட்கணக்கில் வாசலில் கவர் போட்டு நின்றது. எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் அணைக்கப்படும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஈரம் தங்குகிறது, எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது, ஆயில் கெட்டுப்போகிறது. தேய்மானத்தில் பெரும்பங்கு குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதுதான் நேர்கிறது. பேட்டரி இறங்குகிறது. டயர் தேயாமலேயே வெயிலில் கெட்டித்து வெடிப்பு விடுகிறது. டயரின் பட்டன், அதாவது தரையில் படும் மேடுகள், தேயவில்லையே என்று மகிழ்பவர்கள், டயர் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கத்தைப் பார்ப்பதில்லை. தயாரான வாரத்தையும் வருடத்தையும் அந்த எண் சொல்லிவிடும். தினமும் ஒரே சாலையில், முழுச் சூட்டில், ஒரே ஆள் ஓட்டிய லட்சம் கிலோமீட்டர் இதைவிட மேலானது என்று நான் நினைக்கிறேன். அது என் வண்டி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

நான் விற்க முனைந்த நேரமும் சரியில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேல் நீளாத, 1200 சிசி வரையுள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதன்மேல் இருந்த சிறு மேல்வரியும் போயிற்று. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலை அதைவிட வேகமாக இறங்கும். தீபாவளியை ஒட்டி எல்லோரும் ஷோரூம்களில் நின்றிருந்தார்கள். அதோடு வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிட்டது. மழைக்காலத்தில் சென்னையில் பழைய கார் விற்றால் ஒரு நான்காவது கேள்வியும் சேர்ந்துகொள்ளும்: வெள்ளத்தில் நின்ற வண்டியா? 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வண்டி எங்கே இருந்தது என்று தேதி சொல்லிக் கேட்டார்கள். இந்தக் கேள்வியை மட்டும் நான் குறைசொல்ல மாட்டேன். மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டும் ஊர் இது. நானும் இரண்டு முறையும் மேட்டுத் தெருவில் இருக்கும் உறவினர் வீட்டு வாசலில்தான் நிறுத்தியிருந்தேன்.

வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சோதித்து வாங்கும் நிறுவனங்களில் ஒன்றையும் அழைத்துப் பார்த்தேன். தளத்தில் காட்டிய விலை ஒன்று; பையன் வந்து படமெடுத்து, ஒரு கருவியைச் செருகி, டேப்லெட்டில் நூறு கட்டங்களை நிரப்பிவிட்டுப் போன பிறகு டீலர்கள் ஏலத்தில் கேட்டதாகச் சொன்ன விலை இன்னொன்று. முதல் விலை என்னைப் படியேற வைப்பதற்காகச் சொன்னது என்பது இரண்டாவது விலையைக் கேட்டபோது புரிந்தது: ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். அந்த நூறு கட்டங்களில் ஆயில் எத்தனை முறை, எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வண்டி என் பெயரில், விளம்பரம் என் பெயரில், எண் என்னுடையது. ஆனாலும் அழைத்தவர்களில் பாதிப்பேர், "சார் எப்ப இருப்பாரு? வண்டி விஷயமாப் பேசணும்" என்றார்கள். பேசுவது ஓனர்தான் என்று தெரிந்ததும் இரண்டு வகையான பதில்கள் வந்தன. பெண்கள் ஓட்டிய வண்டி என்றால் அடிபட்டிருக்காது என்று ஒரு கட்சி. கிளட்ச் போயிருக்கும் என்று மறுகட்சி. டாக்டர் ஓட்டிய வண்டி என்று விளம்பரம் செய்தால் விலை ஏறுகிறதாம். டாக்டர்கள் அவசரத்தில் எப்படி ஓட்டுவார்கள் என்று அவர்கள் யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"அந்த நோட்டை மட்டும் காட்டாதீங்க"

அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர் வழியாக ஒரு புரோக்கர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நிதானமாகப் பேசுகிறவர். வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டார், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பி மீட்டரைப் பார்த்தார். ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை. இறங்கி வந்து, "ரெண்டு நாப்பதுக்கு முடிச்சுத் தரேன் மேடம், என் கமிஷன் தனி" என்றார். நிறுவனம் சொன்னதைவிட ஐம்பத்தைந்தாயிரம் அதிகம். எப்படி என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. மீட்டரை அறுபதாயிரத்துக்கு இறக்கிவிடலாம், நான் எதுவும் செய்ய வேண்டாம், ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை என்றார். இன்றைய மீட்டரில் எண் ஒரு சிப்பில் இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் கருவியைச் செருகியோ, மீட்டரைக் கழற்றியோ அதை மாற்றி எழுதும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது நான் கேள்விப்பட்டதுதான். கேள்விப்படாதது அவர் அடுத்துச் சொன்னது. மேசைமேல் கிடந்த நோட்டைச் சுட்டிக்காட்டி, "அந்த நோட்டை மட்டும் யாருக்கும் காட்டாதீங்க" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு சமாதானம் சொன்னார். எனக்குள் இன்னும் ஓயாமல் இருக்கும் வாக்கியம் அதுதான்: "உங்க வண்டி அறுபதாயிரம் ஓடின வண்டி மாதிரிதான் மேடம் இருக்கு. இருக்கறதத்தானே மீட்டர்ல காட்டப் போறோம்?"

அன்றிரவு முழுவதும் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அது ஏமாற்று என்பதில் ஐயமில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவுக்குள் வரும் ஏமாற்று. நேற்றுவரை எல்லோருக்கும் 420 என்று தெரிந்திருந்தது. ஏமாற்று என்று பெயர் வைத்த பிறகும் அந்த வாக்கியம் கலையவில்லை. ஏனென்றால் அதில் பாதி உண்மை. என் வண்டியையும், இஷ்டத்துக்கு ஓட்டி அறுபதாயிரத்திலேயே தளர்ந்துபோன வேறொரு வண்டியையும் பக்கத்தில் நிறுத்தினால் என்னுடையதுதான் மேல் என்று அவருடைய அனுபவம் சொல்கிறது. அந்த மேன்மையைச் சந்தைக்குத் தெரிவிக்க அவரிடம் இருக்கும் ஒரே கருவி மீட்டர். வருடம், ஓனர், கிலோமீட்டர் என்ற மூன்று எண்களால் மட்டுமே பேசத் தெரிந்த இடத்தில், பராமரிப்பு என்ற நான்காவது ஒன்றைச் சொல்ல எண் கிடையாது. ஆகவே இருக்கும் எண்களில் ஒன்றைத் திருத்தி அதைச் சொல்கிறார். நல்ல வண்டிக்கு நல்ல விலை கிடைக்க வேண்டுமானால் அதன் உண்மையான வரலாற்றை மறைக்க வேண்டும். அந்த வண்டி நல்லதாக இருக்கக் காரணமான பழக்கமே அந்த வரலாற்றை எழுதிவைத்தது. இந்தச் சிக்கல் எனக்கு அறச்சிக்கலாகப் படுவதற்கு முன்னால் கணக்குச் சிக்கலாகப் பட்டது. சரக்கு சரியாக இருக்கிறது, ஆகவே பேரேட்டைத் திருத்தலாம் என்று ஒருவர் வந்து சொன்னால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது.

அதோடு அவர் கேட்ட இன்னொன்றும் இருந்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரை வெற்றிடமாக விட்டுத் தர வேண்டும். ஆள் கிடைத்ததும் அவர் நிரப்பிக்கொள்வாராம். மீட்டர் விஷயத்தில் எனக்கு இருந்த தடுமாற்றம் இதில் துளியும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் பதினான்கு நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு முப்பது நாள் அவகாசம். அதுவரை ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பல கை மாறிய ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில், பணம் வாங்கிக்கொண்டு வண்டியை எப்போதோ கொடுத்துவிட்ட முதல் ஆளே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரச் சான்று பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்து அதை முறைப்படி இணையத்தில் தெரிவித்துவிட்டால் அந்தப் பொறுப்பு டீலருக்குப் போய்விடும் என்று விதி வந்திருக்கிறது. நம் புரோக்கரிடம் அங்கீகாரச் சான்று எதுவும் இல்லை. ஒரு விசிட்டிங் கார்டு இருந்தது.

காலையில் அவரை அழைத்து வேண்டாம் என்றேன். அவர் வருத்தப்படவில்லை. "யோசிச்சுப் பாருங்க மேடம், நான் எங்கயும் போகப் போறதில்ல" என்றார்.

சித்தப்பா பார்த்த விதம்

கடைசியில் வாங்கியவர் பல்லாவரத்தில் இருக்கும் ஒரு இளைஞர். திருமணமாகிக் குழந்தை பிறந்து, இரு சக்கர வண்டி போதாமல் போன கட்டத்தில் இருந்தார். குடும்பத்தில் முதல் கார். தொலைபேசியில் லட்சத்து நான்காயிரம் என்றபோது அவரிடமும் அதே மௌனம். ஆனால் அவர் வைத்துவிடவில்லை. "எங்க சித்தப்பா மெக்கானிக் மேடம். அவரைக் கூட்டிட்டு வந்து பாக்கலாமா? ஒரே ஒரு விஷயம், நாங்க வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றார். இந்த ஒரு வேண்டுகோளிலேயே, வரப்போகிறவர் வேறு ரகம் என்று தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். சித்தப்பா வணக்கம் சொல்லிவிட்டு நேராகப் போய் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். குளிர்ந்திருக்கிறது என்று உறுதியான பிறகுதான் சாவி கேட்டார். முதல் கிளப்பலில் எஞ்சின் பிடித்ததையும், வெளிக்குழாயில் வந்த புகையின் நிறத்தையும் கவனித்தார். ஆயில் மூடியைத் திருகி அதன் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். அங்கே வெண்மையாகப் பிசுபிசுப்பு இருந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். எஞ்சின் ஓடும்போதே மூடியைத் திறந்து, உள்ளிருந்து காற்று தள்ளுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். நான்கு சீட் பெல்ட்டுகளையும் கடைசி அங்குலம்வரை இழுத்தார். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும், சுருண்டு உள்ளே இருக்கும் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்குமாம். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்தார், இருக்கையின் கீழ்த் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்தார், ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பார்த்தார். கண்ணாடிகளில் பொறித்திருந்த குறியீடுகளை ஒப்பிட்டார். ஒன்று மட்டும் வேறு வருடமாக இருந்தால் அந்தப் பக்கம் அடி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மட்கார்டு போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

இடது பின்கதவு மறுபெயின்ட் அடித்தது என்பதை நானே சொல்லியிருந்தேன். தி.நகரில் ஒரு வணிக வளாகத்தின் பல அடுக்கு நிறுத்தத்தில், தூண் உரசிய காயம். காப்பீட்டில் கேட்காமல் கைக்காசைப் போட்டுச் சரிசெய்தது; கேட்டிருந்தால் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி போய்விடும். கிளெய்ம் இல்லாத வண்டி என்றால் அடிபடாத வண்டி என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சித்தப்பா அந்தக் கதவை ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டிங்கரிங் இல்ல, பெயின்ட் மட்டும்" என்றார். வெளியே ஓட்டிப் பார்க்கும்போது வேகத்தடைகளை வேண்டுமென்றே சற்று வேகமாக ஏற்றினார். முன்பக்கத்தில் ஒரு சின்ன முனகல் வந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் இன்னும் சில மாதங்களில் மாற்ற வேண்டியிருக்கும் என்றார். அது எனக்கே தெரியாது. வண்டியை ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, மேல் கியரில் கிளட்ச்சை விட்டார். எஞ்சின் உடனே அணைந்தது. பெண்கள் ஓட்டினால் கிளட்ச் போயிருக்கும் என்ற கட்சி அங்கே தோற்றது.

திரும்பி வந்ததும் நோட்டை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் மைலேஜ் பக்கங்களைத் திறக்கவில்லை. பின்பக்கம் போய், கூலண்ட் எப்போது மாற்றினார்கள், பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று இரண்டே பில்களைத் தேடினார். கிடைத்ததும் மூடி என்னிடமே கொடுத்துவிட்டார். இந்த இரண்டையும் மறந்துவிட்டு எஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றுகிறவர்கள்தான் அதிகமாம். பிறகு அண்ணன் மகனிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது: "லட்சம்னு பயப்படாதடா. ஒரே கை, ஒரே ரூட்டு. பிரேக் பெடல் ரப்பர் கூட ஒரு பக்கமாத் தேயல. முப்பதாயிரம் ஓடின வண்டினு சொல்லி உனக்கு யாராவது காட்டுவாங்க, அத வாங்கினா நீ என்கிட்டதான் தள்ளிட்டு வருவ."

அந்த நிமிடத்தில்தான் புரோக்கரின் வாக்கியத்துக்கு எதிரே வைக்க என்னிடம் ஏதோ ஒன்று கிடைத்தது. பராமரிப்பைச் சொல்ல எண் இல்லை என்பது சரிதான். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன. நான் எழுதிவைத்த பக்கங்களில் அவை அதைத் தேடவில்லை. ஆயில் மூடியின் அடியில், பெல்ட்டின் கடைசி முழத்தில், பெடல் ரப்பரின் விளிம்பில் தேடின. நான் காட்டுவதற்காக ஒருபோதும் தயார்செய்யாத இடங்கள் அவை. பழைய கார் வாங்குகிறவர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துவந்து அவருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால், அதைவிட லாபமான செலவு அந்த வியாபாரத்தில் வேறு கிடையாது. விற்கிறவருக்கும் அதுவே நல்லது. எனக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்காது என்பதுதான் இதில் குறை. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மெக்கானிக் சித்தப்பா இருப்பதில்லை.

பெயர் மாறும் வரை

இரண்டு லட்சத்து எட்டாயிரத்துக்கு முடிந்தது. புஷ் மாற்றும் செலவுக்காகக் கடைசி இரண்டாயிரத்தைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன். டோக்கன் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, மீதி வங்கிக் கணக்கில் வந்த பிறகு வண்டியைக் கொடுத்தேன். ஒப்படைத்த தேதியோடு மணி, நிமிடமும் எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திட்டோம். அந்த நிமிடத்துக்குப் பிறகு விழும் அபராதச் சீட்டு யாருடையது என்ற சண்டைக்கு அது ஒன்றுதான் மருந்து. நேரத்தோடு மீட்டர் எண்ணையும் எழுதச் சொன்னேன். அந்த இளைஞர் அதை வினோதமாகப் பார்த்தார். ஃபாஸ்டேக்கை அன்றே மூடினேன். பெயர் மாற்றத்தை நானே இணையத்தில் தொடங்கி, கட்டணம் செலுத்தி, மீனம்பாக்கம் அலுவலகத்தில் தாள்கள் சேரும்வரை பின்தொடர்ந்தேன். இந்தப் பகுதியில் சொல்லச் சுவாரசியமாக ஒன்றுமில்லை. அப்படி இருப்பதுதான் நல்லது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இந்த வியாபாரம் முழுவதிலும், கவனமாக ஓட்டியதற்கு நேரடியாகப் பணம் தந்தது ஒரே ஓர் இடம்தான்: காப்பீடு. தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால், சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் ஐம்பது சதவீதம் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி வண்டியோடு போவதில்லை, காப்பீடு எடுத்தவரோடு வருகிறது. விற்றதற்கான சான்றைக் காட்டிக் கடிதம் வாங்கி, அம்மாவுக்காக வாங்கிய வண்டிக்கு அதை மாற்றிக்கொண்டேன். ஆக, கவனத்துக்கு விலை உண்டு என்று ஏற்கும் ஒரே நிறுவனமும் அதை ஆளிடம்தான் வரவு வைக்கிறது. வண்டிக்குள் போன கவனம் வண்டியோடு இலவசமாகப் போகிறது.

எவ்வளவு போகிறது என்று ஒரு கணக்கும் போட்டேன், பழக்கதோஷம். அதே மாடல், ஒழுங்கில்லாத வண்டி நகரத்தில் லிட்டருக்குப் பதினான்கு தருகிறது என்று வைத்துக்கொள்வோம்; இது பதினேழு. வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் வித்தியாசம் ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், பன்னிரண்டாயிரத்துக்கு மேல். 2030இல் பதிவு முடியும்வரை அந்த இளைஞர் ஓட்டினால் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். விலை பேசும்போது இந்தத் தொகை எந்தப் பக்கத்திலும் வரவில்லை. மைலேஜ் என்று எல்லோரும் கேட்டார்கள், ஆனால் அவர்கள் கேட்டது மாடலின் மைலேஜை. இந்த வண்டியின் மைலேஜை யாரும் கேட்கவில்லை.

பெல்ஜியத்தில் 2006ஆம் வருடத்தின் இறுதியிலிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது. வண்டி பட்டறைக்குப் போகும்போதெல்லாம் மீட்டர் எண் ஒரு பொதுப் பதிவில் ஏறுகிறது; பழைய வண்டி விற்கிறவர் அந்தப் பதிவின் சான்றை வாங்குபவரிடம் தந்தே ஆக வேண்டும். இங்கே அதற்குத் தனியாகப் பெரிய அமைப்பு எதுவும் தேவையில்லை. புகைச் சோதனைக்கு எல்லோரும் போகிறோம், காப்பீட்டை வருடாவருடம் புதுப்பிக்கிறோம். இரண்டிலும் மீட்டர் எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்த்து, வண்டி எண்ணைத் தட்டினால் யாரும் பார்க்கும்படி வைத்தால் போதும். ஒரு வருடத்தில் எண்பதாயிரம் என்றிருந்தது அடுத்த வருடத்தில் ஐம்பதாயிரம் ஆனால் தானாகவே தெரிந்துவிடும்.

பொங்கல் கழிந்து ஒருநாள் அந்தப் புரோக்கர் அழைத்தார். வண்டி என்ன விலைக்குப் போனது என்று கேட்டார், சொன்னேன். முப்பத்திரண்டாயிரம் விட்டுவிட்டீர்களே என்று அங்கலாய்த்தார். பேச்சு நீண்டதால், இந்தக் கட்டத்தைப் பற்றிய யோசனையையும் அவரிடம் சொன்னேன். எரிச்சலடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வந்தா வரட்டும் மேடம், எங்களுக்கும் நல்லதுதான்" என்றார். "இப்ப மார்க்கெட்டுல எல்லா வண்டியும் அம்பது, அறுபதுனு காட்டுது. அதனாலதான் லட்சம்னா பயப்படறாங்க. உள்ளதச் சொன்னா பாதி வண்டி லட்சம்தான். அப்ப யாரு பயப்படப் போறா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் அலுவலகத்தில் யாராவது வண்டி விற்கப் போகிறார்களா என்று விசாரித்தார். ஒருவர் இருக்கிறார். அவருடைய வண்டி தொண்ணூற்றாறாயிரத்தில் நிற்கிறது. அவருடைய தொலைபேசி எண்ணைப் புரோக்கரிடம் கொடுக்கவில்லை, பல்லாவரம் சித்தப்பாவின் எண்ணை அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.